கொம்புச்சாவும் இஞ்சி சோடாவும் வீட்டில் போட என்னென்ன வாங்க வேண்டும்? சென்னைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் குடியிருப்பில் நான் கொம்புச்சா போடுவது தெரிந்ததிலிருந்து லிஃப்டிலும் மொட்டை மாடியிலும் கல்யாணப் பந்தியிலும் ஒரே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. பாதிக்கு மேல் சாமான்களைப் பற்றியவை. கொம்புச்சா என்பது சர்க்கரை போட்ட தேநீரைப் புளிக்க வைத்து எடுக்கிற பானம். இஞ்சி சோடா என்றால் இஞ்சித் தோலில் இருக்கும் ஈஸ்ட்டே பொங்க வைக்கும் சோடா. இரண்டுக்கும் வேண்டிய பாத்திர பண்டங்கள் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

வீட்டிலேயே பீர் போடலாம் என்கிறார்களே, அதற்கும் இதே சாமான்கள்தானா?

சாமான்கள் ஓரளவு ஒன்றுதான், சட்டம் வேறு. 1937-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். ராஜாஜி சேலம் மாவட்டத்தில் தொடங்கிவைத்த மதுவிலக்கின் சட்டம் இது. இடையில் மதுக்கடைகள் வந்தன, போயின, மறுபடியும் வந்தன. சட்டம் மட்டும் திருத்தங்களோடு இன்றும் இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் உங்கள் மச்சான் கேரேஜில் பீர் போடுவது அந்த ஊர்ச் சட்டம். இங்கே அதைப் பற்றி எழுதப் போவதில்லை.

ஆன்லைனில் 'தொடக்கநிலை கிட்' என்று விற்கிறார்களே, வாங்கலாமா?

வேண்டாம். பெட்டியைப் பிரித்தால் ஒரு கண்ணாடி ஜாடி, ஒரு துண்டுத் துணி, ஒரு ரப்பர் பேண்ட், நாலு சோதனைத் தாள், ஒரு சின்னப் பாக்கெட்டில் கல்சர் (தேநீரைப் புளிக்க வைக்கும் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் சேர்ந்தது), அவ்வளவுதான். குளிர் நாடுகளை மனதில் வைத்துத் தயாரித்த கிட் என்றால் ஜாடிக்கு அடியில் வைக்கச் சூடாக்கும் பாய் ஒன்றும் கூடவே வரும். சென்னையில் மார்கழி ராத்திரியில்கூட அதற்கு வேலை இருக்காது. இந்தச் சாமான்களில் முக்கால்வாசி உங்கள் அடுக்களையில் ஏற்கெனவே இருக்கிறது. இட்லி மாவு புளிக்க வைக்கத் தெரிந்த வீட்டில் இது புது வித்தையும் இல்லை.

சரி, புதிதாக எதற்குத்தான் காசு செலவழிப்பது?

மூன்றே சாமான்களுக்கு. நல்ல பாட்டில், ஒரு கிராம் வரை காட்டும் தராசு, புளிப்பை அளக்கக் கொஞ்சம் பி.எச். தாள் (எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்). ஜாடி இல்லாத வீட்டில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வடிகட்டி, புனல், கரண்டி, தேநீர் கொதிக்கப் பாத்திரம் எல்லாம் இருப்பதே போதும். உலோகக் கரண்டி பட்டால் கல்சர் செத்துவிடும் என்று ஒரு கதை உலவுகிறது. எவர்சில்வர் வடிகட்டியில் வடிப்பதால் ஒன்றும் ஆகாது. உலோகத்திலேயே நாள்கணக்கில் ஊற விடுவதுதான் கூடாது.

ஜாடி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

நாலு லிட்டர் கொள்ளும் அகன்ற வாய்க் கண்ணாடி ஜாடி. கை உள்ளே போகிற அளவு வாய் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கழுவ முடியாது. அதில் நான் போடும் கணக்கு: தண்ணீர் இரண்டரை லிட்டர், தேயிலை 20 கிராம், சர்க்கரை 180 கிராம், முந்தைய முறை எடுத்துவைத்த புளித்த கொம்புச்சா 300 மில்லி. மேலே நாலு விரல் இடம் காலியாக இருக்கும்.

முதல் முறையே இவ்வளவு போடத் தயக்கமாக இருந்தால் பரணில் கிடக்கும் பழைய ஹார்லிக்ஸ் கண்ணாடி பாட்டிலை இறக்குங்கள். அரை லிட்டர் போட்டுப் பார்க்கலாம். கெட்டுப் போனாலும் நஷ்டம் கொஞ்சம் சர்க்கரைதான்.

பாட்டி வைத்திருந்த ஊறுகாய் ஜாடி இருக்கிறது. பீங்கான்தானே, அது ஆகாதா?

மனசு கேட்காதுதான், ஆனாலும் வேண்டாம். பழைய பீங்கான் ஜாடிகளின் பளபளப்புப் பூச்சில் ஈயம் இருக்கலாம். புளிப்பு வாரக்கணக்கில் அதைத் தொட்டுக்கொண்டே இருந்தால் ஈயம் கரைந்து பானத்துக்குள் வரும். ஆஸ்திரேலியாவில் பீங்கான் பானையில் கொம்புச்சா போட்டுக் குடித்துவந்த தம்பதிக்கு ஈய நஞ்சு ஏறியது பற்றி 1998-இல் மருத்துவ இதழ் ஒன்றில் கட்டுரையே வந்தது.

உடனே அடுத்த கேள்வி வரும்: 'ஈயச் சொம்பில் ரசம் வைக்கிறோமே?' அந்த ஈயம் வேறு. ரசச் சொம்பு செய்வது வெள்ளீயத்தில். ஜாடிப் பூச்சில் இருப்பது காரீயம், அதுதான் நஞ்சு. இரண்டையும் நாம் ஈயம் என்றே சொல்லிப் பழகிவிட்டதால் வரும் குழப்பம் இது. (சொம்பு நிஜமாகவே வெள்ளீயம்தானா என்று நம்பகமான கடையில் கேட்டு வாங்குவது நல்லது. அது தனிக் கதை.)

பித்தளை, செம்பு, அலுமினியம் மூன்றும் கூடவே கூடாது. பிளாஸ்டிக் டப்பாவில் கீறல் விழுந்தால் அதற்குள் கிருமி குடியேறும். எத்தனை தேய்த்தாலும் போகாது.

கல்யாண வரவேற்பில் ஜூஸ் வைக்கும் குழாய் வைத்த ஜாடி?

பார்க்க அழகு. ஆறு மாதத்தில் குழாய் கசியும், அதற்குள் ஸ்கோபி, அதாவது மேலே மிதக்கும் கல்சர் வட்டத்தின் துணுக்கு போய் அடைத்துக்கொள்ளும். வாங்கியே தீருவேன் என்றால், முதலில் ஒரு ராத்திரி முழுக்கத் தண்ணீர் ஊற்றிவைத்துக் கசிவு பாருங்கள். குழாயின் உட்பாகம் வெறும் முலாம் பூசியதாக இருந்தால் புளிப்பு அதை அரித்துவிடும்.

மேலே மூட என்ன துணி?

பழைய வேட்டி. இரண்டு மடிப்பாக மடித்து ரப்பர் பேண்ட் போட வேண்டும். மருந்துக் கடையில் விற்கும் காஸ் துணி வேண்டாம். அதன் ஓட்டை வழியாகப் பழ ஈ தாராளமாக உள்ளே போகும். மாம்பழ சீசனில் ஒரு நாள் சோம்பேறித்தனமாக காஸ் துணி கட்டினேன், மூன்றாம் நாள் ஜாடிக்குள் புழு.

எறும்புக்குத் தனி வைத்தியம் உண்டு. சர்க்கரை டப்பாவுக்குச் செய்வதுபோலத் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி அதன் நடுவில் ஜாடியை வைத்துவிடுங்கள்.

ஏர்லாக் வாங்க வேண்டாமா?

கொம்புச்சாவுக்கு வேண்டாம். தேநீரைப் புளிக்க வைக்கும் அசெட்டிக் அமில பாக்டீரியாவுக்குக் காற்று வேண்டும்; ஏர்லாக் காற்றை உள்ளே விடாமல் தடுக்கிற சாதனம். அதை மாட்டிவிட்டு 'புளிக்கவே இல்லையே' என்று என்னிடம் வந்தவர்கள் இரண்டு பேர்.

தராசு எதற்கு? கரண்டிக் கணக்கு போதாதா?

சமையலில் போதும். இங்கே டஸ்ட் டீ ஒரு கரண்டியும் இலைத் தேயிலை ஒரு கரண்டியும் எடையில் ஒன்றல்ல. போன முறை நன்றாக வந்ததே, இந்த முறை ஏன் இப்படி என்று யோசிக்கும்போது எழுதிவைத்த எடைதான் கை கொடுக்கும். பாட்டிலுக்குள் போடும் சர்க்கரையில் ஐந்து கிராம் கூடினால் என்ன ஆகும் என்பதைக் கீழே சொல்கிறேன்.

பி.எச். தாள் வாங்கும்போது 1 முதல் 14 வரை காட்டுவதை வாங்காதீர்கள். அதில் மூன்றுக்கும் நாலுக்கும் நிற வித்தியாசமே தெரியாது. 2.5 முதல் 4.5 வரை மாதிரியான குறுகிய அளவுள்ள தாள் என்று கேளுங்கள். ரசாயனப் பொருள்களுக்குப் பேர்போன பாரிமுனை நைனியப்ப நாயக்கன் தெருப் பக்கம் விசாரித்துப் பார்க்கலாம். கல்சரைக் கலந்ததும் 4.6-க்குக் கீழே இருக்க வேண்டும், ஒரு வாரத்தில் 4.2-ஐத் தாண்டிக் கீழே இறங்கியிருக்க வேண்டும். அப்படி இறங்கினால்தான் கெட்ட கிருமிகள் தலைதூக்காது. 2.5-க்கும் கீழே போய்விட்டதென்றால் அது குடிக்க அல்ல, வினிகராக வைத்துக்கொள்ளலாம்.

வெப்பமானி கட்டாயமில்லை. ஆசைப்பட்டால் கொளத்தூர் மீன் கடைகளுக்குப் போங்கள். மீன் தொட்டியில் ஒட்டும் வெப்பமானிப் பட்டை மலிவாகக் கிடைக்கும், ஜாடிக்கு வெளியே அதை ஒட்டிவிட்டால் போதும்.

ஹைட்ரோமீட்டர்?

திரவத்தின் அடர்த்தியை அளக்கும் கருவி அது, பீர்க்காரர்களுக்குத் தேவை. கொம்புச்சாவில் ஈஸ்ட் சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்ற, பாக்டீரியா அந்த ஆல்கஹாலை அமிலமாக மாற்றிக்கொண்டே வரும். அதனால் அடர்த்தி குறைந்ததை வைத்து ஆல்கஹாலைக் கணக்கிட முடியாது.

பாட்டில் எப்படிப் பார்த்து வாங்குவது?

இந்தப் பதிலை மட்டும் தயவுசெய்து முழுக்கப் படியுங்கள்.

ஜாடியில் புளித்து முடிந்ததும் பாட்டிலில் ஊற்றி, கொஞ்சம் பழச்சாறோ இஞ்சியோ சர்க்கரையோ சேர்த்து இறுக மூடிவைப்போம். உள்ளே உண்டாகும் கரியமில வாயு வெளியே போக வழியில்லாமல் பானத்திலேயே கரையும். நுரை வருவது அப்படித்தான். அதே வாயு அளவுக்கு மீறினால் பாட்டில் வெடிக்கும்.

என் வீட்டில் வெடித்திருக்கிறது. அலங்காரச் சாமான் கடை ஒன்றில் சதுர வடிவத்தில், கம்பிக் கிளிப் மூடியுடன், பார்க்க லட்சணமாக ஆறு பாட்டில் வாங்கியிருந்தேன். கத்திரி வெயில் நேரம். மாம்பழச் சாறு ஊற்றி அலமாரியில் இரண்டு நாள் வைத்தேன். மூன்றாம் நாள் மதியம் ஒரு சத்தம். பக்கத்து வீட்டு மாமி சிலிண்டர் வெடித்துவிட்டது என்று நினைத்து மாடிப்படி மெயினையே அணைத்துவிட்டார். கண்ணாடிச் சில்லு சீலிங் ஃபேன் வரை போயிருந்தது. அடுக்களையில் அப்போது ஆள் இல்லாதது எங்கள் அதிர்ஷ்டம்.

அந்த பாட்டில்கள் எண்ணெயோ சிரப்போ ஊற்றி அலமாரியில் நிறுத்துவதற்கானவை, வாயு அழுத்தத்துக்கானவை அல்ல. சதுரப் பாட்டிலில் அழுத்தம் மூலைகளில் போய்க் குவியும், மெல்லிய கண்ணாடி அங்கேதான் விடும். கிளிப் மூடி வேண்டுமென்றால் உருண்டையாக, கனமாக, 'வாயு நிரம்பிய பானத்துக்கு' என்று தயாரிப்பவரே குறிப்பிட்டதை மட்டும் வாங்குங்கள். கையில் எடுத்தாலே கனம் தெரியும்.

புதியவர்களுக்கு நான் சொல்வது அதுவும் இல்லை. சோடா, கோலா வந்த பெட் (PET) பிளாஸ்டிக் பாட்டிலைக் கழுவி வைத்துக்கொள்ளுங்கள். வாயு அழுத்தத்துக்கென்றே செய்தது. அடிப்பாகம் ஐந்து இதழ்போல் இருக்கும். தண்ணீர் பாட்டில் ஆகாது, அது மெலிசு. பெட் பாட்டிலில் இன்னொரு வசதியும் உண்டு. விரலால் அழுத்திப் பார்க்கலாம். மாங்காய் மாதிரிக் கெட்டியாகிவிட்டால் உடனே ஃபிரிட்ஜுக்குள் வைக்க வேண்டும். நான் இப்போதும் கண்ணாடியில் நிரப்பும்போதெல்லாம் கூடவே ஒரு சின்ன பெட் பாட்டிலிலும் நிரப்பி வைப்பேன். அது கல்லானால் எல்லாமே ஃபிரிட்ஜுக்குப் போகும்.

குளிர் ஊர்க் குறிப்புகளில் 'மூன்று முதல் ஐந்து நாள் வெளியே வைக்கவும்' என்று போட்டிருக்கும். சென்னையில் மே மாதம் இஞ்சி சோடாவுக்கு 12 மணி நேரமே போதும். பாட்டிலுக்கு 5 கிராம் சர்க்கரை என்றால் 5 கிராம்தான், கை அளவு கிடையாது.

கோலி சோடா பாட்டில் அழுத்தம் தாங்குமே, அதில் ஊற்றலாமா?

தாங்கும்தான். 1872-இல் ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர் காப்புரிமை வாங்கிய வடிவம் அது. உள்ளே இருக்கும் வாயு கோலியை மேலே தள்ளி ரப்பர் வளையத்தோடு அழுத்திப் பிடிக்கும், மூடி அதுவேதான். ஆனால் அழுத்தம் இருந்தால்தான் கோலி அடைக்கும். நம் பானத்தில் அழுத்தம் மெல்ல மெல்ல உண்டாவதால் அதற்குள் வாயு தப்பிவிடும். போதாக்குறைக்கு அந்தக் கழுத்துக்குள் பிரஷ் போகாது. காட்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தத் தண்ணீர்?

மெட்ரோ வாட்டரில் குளோரின் இருக்கும். கொதிக்க வைத்தால் போய்விடும், எப்படியும் தேநீருக்குக் கொதிக்க வைக்கத்தானே போகிறோம். போர் தண்ணீர் உப்புக் கரிக்கும் பகுதியில் இருந்தால் கேன் தண்ணீர் எடுங்கள். ஒரு லிட்டரில் தேயிலையைக் கொதிக்க விட்டு, மீதி ஒன்றரை லிட்டரை ஏற்கெனவே காய்ச்சி ஆறவைத்த தண்ணீராக ஊற்றினால் சீக்கிரம் ஆறும். சூட்டோடு ஜாடியில் ஊற்றினால் கண்ணாடி விரியும், கல்சரும் வெந்துவிடும். கை வைத்தால் சூடே தெரியக்கூடாது.

ஜாடியை எங்கே வைப்பது? எங்கள் வீடு மேல் மாடி, அடுப்பு மாதிரி இருக்கும்.

கொம்புச்சாவுக்குப் பிடித்தது 24 முதல் 29 டிகிரி வரை. சென்னையில் வருஷத்தில் பாதி நாள் அதற்கு மேல்தான். அதனால் பரண், அடுப்புப் பக்கம், ஃபிரிட்ஜின் தலை மூன்றும் வேண்டாம். படுக்கையறைத் தரையின் மூலை நல்ல இடம், வெக்கை எப்போதும் மேலேதான் போகும். ஈரத் துண்டு சுற்றலாம் என்பார்கள். மண்பானை தத்துவம்தான், ஆனால் நம் கடற்கரைக் காற்றில் ஈரப்பதம் அதிகமாக இருப்பதால் ஓரிரு டிகிரிதான் இறங்கும். அதைவிட நாளைக் குறைப்பது சுலபம். கோடையில் நாலாம் நாளே ஒரு கரண்டி எடுத்து ருசி பாருங்கள். மார்கழியில் பத்து நாள்கூட ஆகும். அலமாரிக்குள் அடைத்து வைக்காதீர்கள், காற்று வேண்டும்.

கல்சர், அந்தத் 'தாய்' எங்கே கிடைக்கும்?

ஏற்கெனவே போடுகிறவரிடம் கேளுங்கள், யாரும் இல்லை என்று சொல்லமாட்டார்கள். ஒவ்வொரு முறையும் புதிதாக ஒன்று வளர்ந்து தலைவலியாக இருக்கும். பலரும் தோசை மாதிரி மிதக்கும் அந்த வட்டத்தைத்தான் கேட்டு வாங்குகிறார்கள். அதைவிட முக்கியம் அது மிதந்த புளித்த நீர். அதை ஒரு டம்ளருக்குக் குறையாமல் வாங்கிக்கொள்ளுங்கள். கூரியரில் வரும் கல்சரில் குறைவது பெரும்பாலும் அந்த நீர்தான். கடையில் சூடாக்கிப் பதப்படுத்தாத, சுவை சேர்க்காத கொம்புச்சா கிடைத்தால் அதிலிருந்தும் மூன்று வாரத்தில் வளர்க்கலாம்.

இஞ்சி சோடாவுக்குத் தாய் யாரிடமும் வாங்க வேண்டாம். தோலோடு துருவிய இஞ்சி இரண்டு ஸ்பூன், சர்க்கரை இரண்டு ஸ்பூன், அரை லிட்டர் தண்ணீர். தினமும் இஞ்சியும் சர்க்கரையும் ஒவ்வொரு ஸ்பூன் சேர்த்துக் கிளற வேண்டும். நம் ஊரில் மூன்றாம் நாளே பொங்கும்.

நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி?

முதல் இரண்டு முறை வெள்ளைச் சர்க்கரையே போடுங்கள். கருப்பட்டியில் நன்றாகவே வரும், ஆனால் எது சரி, எது கெட்டது என்று உங்கள் மூக்குக்குப் பழகின பிறகு.

எப்படிக் கழுவுவது? கிருமிநாசினி வேண்டுமா?

சோப்பு, வெந்நீர், கடைசியில் ஒரு சுற்று வினிகர். பிளீச்சிங் பவுடர் வாசனை கல்சருக்கு ஆகாது.

மேலே வெள்ளையாக ஏதோ படர்கிறது!

வழவழவென்று, பாலாடை மாதிரி இருந்தால் அதுதான் புதுத் தாய். பஞ்சு மாதிரி, உலர்ந்து, பச்சையோ கறுப்போ வெள்ளையோ புசுபுசுவென்று இருந்தால் பூஞ்சை. எடுத்துவிட்டுக் குடிக்கலாமா என்று கேட்காதீர்கள். தாயோடு சேர்த்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டு ஜாடியைக் கொதிநீரில் கழுவுங்கள்.

இதில் ஆல்கஹால் உண்டா? மாலை போட்டவர், குழந்தைகள் குடிக்கலாமா?

கொஞ்சம் உண்டு. ஈஸ்ட் வேலை செய்தால் ஆல்கஹால் வரத்தான் செய்யும். 0.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது அமெரிக்காவின் கணக்கு. அங்கேயே 2010-இல் பல பாட்டில்களில் அதற்கு மேல் இருக்கிறது என்று கடைகளிலிருந்து இறக்கினார்கள். வீட்டில் பாட்டிலில் மூடிவைத்து, அதிகச் சர்க்கரை போட்டு, பல நாள் வெளியில் விட்டால் ஏறும். ஆகவே சபரிமலைக்கு மாலை போட்ட என் தம்பிக்கு நான் கொடுப்பதில்லை. குழந்தைகள், கர்ப்பிணிகள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் வேண்டாம். மற்றவர்களும் குடத்தைத் தூக்கிக் குடிக்க வேண்டியதில்லை; அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1995-இல் குறிப்பிட்டது நாளைக்குச் சுமார் 120 மில்லி.

கள்ளச்சாராயம் மாதிரி மெத்தனால் ஏறிவிடாதா?

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்ததற்குப் பிறகு எல்லோரும் கேட்கிறார்கள், நியாயமான பயம்தான். அங்கே கொன்றது சாராயத்தில் கலந்த மெத்தனால். தேநீரும் சர்க்கரையும் புளிப்பதில் அப்படிப்பட்ட அளவு உண்டாவதில்லை.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறோம், பத்து நாள். ஜாடியை என்ன செய்ய?

தாயை எடுத்துச் சின்ன ஜாடியில் போட்டு, அது மூழ்கும்படி புளித்த நீரும் கொஞ்சம் புதுத் தேநீரும் ஊற்றி, வேட்டித் துணி கட்டி, தாம்பாளத் தண்ணீரில் நிறுத்திவிட்டுப் போங்கள். ஒரு மாதம்கூடத் தாங்கும். ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், வேலைக்குத் திரும்ப அதற்கு நாளாகும். நிரப்பிய பாட்டில்கள் மட்டும் ஃபிரிட்ஜுக்குள். கிளம்பும் அவசரத்தில் ஃபிரிட்ஜையும் சேர்த்து அணைத்துவிடாதீர்கள்.